தண்ணீரில் குமிழிட்ட மூச்சு

அன்று காலை தொற்றுநோய்த் தனி வார்டு அறையில் இருந்தவர்கள் டாக்டர் நாச்சிமுத்து, சிஸ்டர் ஞானம்மாள், வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட நிரம்பாத ஆண் நர்ஸான நான், கட்டிலில் அஞ்சலை. அஞ்சலையின் வீட்டுக்காரர் கலியமூர்த்தி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வா என்றால் வருவார், போ என்றால் போவார், அப்படியொரு நிலை. வராதவர்கள் நிறையப் பேர். மாசமாக இருந்த இன்னொரு சிஸ்டரை அந்த வராந்தா பக்கமே எட்டிப்பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மை போடாத மற்றவர்கள் தாங்களாகவே ஒதுங்கிக்கொண்டார்கள். இவர்கள் யாரும் இல்லாதது அஞ்சலைக்குத் தெரியவே இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஆள் இல்லாததுதான். தேன்மொழி. அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்த பெண் குழந்தை, அஞ்சலையின் பால் தவிர வேறெதையும் வாயில் வைக்காதது.

நான் அந்த அறைக்குள் போனதற்கு என் படிப்போ திறமையோ காரணமில்லை. டாக்டர் வராந்தாவில் நின்று, "அம்மை கண்டவங்க யாருங்க?" என்று பொதுவாகக் கேட்டார். என் முகத்தைப் பார்த்த யாரும் அந்தக் கேள்வியை என்னிடம் இரண்டாவது தடவை கேட்கத் தேவையில்லை. மூக்கிலும் கன்னத்திலும் உள்ள குழிகள் ஆறாம் வகுப்பில் சின்னம்மையில் வந்தவை. "நல்லதாப் போச்சு, வாங்க தம்பி" என்றார். அந்தக் குழிகளை ஒருவர் நல்லது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

இப்போது இதை எழுதச் சொன்னவர்கள், நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்த பிள்ளைகள். கொரோனா சமயத்தில் ஒரு பையன் போன் பண்ணினான். "சார், நிமோனியா பேஷன்ட் ஒருத்தருக்குக் கழுத்து வீங்கிப்போச்சு, அழுத்தினா நொறநொறங்குது, ஸ்கேன்ல நெஞ்சுக்குள்ள காத்துன்னு வந்திருக்கு, நீங்க இந்த மாதிரி பாத்திருக்கீங்களா?" என்றான். பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை. அவன் அவசரத்தில் இருந்ததால் அன்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் வளையமாதேவிப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நர்ஸிங் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரிக்கவும், ஊசியை வேகவைக்கவும், யார் திட்டினாலும் பதில் பேசாமலிருக்கவும் கற்றுக்கொண்டேன். நிலக்கரிச் சுரங்க நகரியத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது அப்பா ஊர் முழுக்க "எம் மவன் ஊசி போடறவன்" என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு என்னிடம் தனியாக, "வலிக்காத போடு" என்றார். எண்பதுகள் தொடங்கிய நேரம் அது. பெரியம்மை ஒழிந்தது என்று சுவரில் எழுதியிருந்தது மங்கவில்லை. ஆனால் எங்கள் ஜனங்களுக்குப் பெரியம்மை, சின்னம்மை என்ற பிரிவெல்லாம் கிடையாது. ஆத்தா வந்திருக்கிறாள், அவ்வளவுதான். வந்த வீட்டில் ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. வேப்பிலை, மோர், இளநீர். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை காத்திருப்பது.

கலியமூர்த்தி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை பார்த்தார். பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைத்து, அவர் குடும்பத்தில் முதல் தடவையாகக் கூரை ஒழுகாத வீட்டுக்கு வந்தவர். அஞ்சலைக்கு அம்மை போட்டதும் வழக்கப்படி வாசலில் வேப்பிலை சொருகினார்கள். பிள்ளைகளுக்குப் போவதுபோல் பெரியவர்களுக்கு அது லேசாகப் போகாது. முத்துகள் வாடும் நேரத்தில் அவளுக்கு இருமல் பிடித்தது, பிறகு மூச்சு. தன் அம்மாவின் பேச்சை மீறி, ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக் கலியமூர்த்தி கொண்டுவந்தார். எக்ஸ்ரே படத்தில் இரண்டு நுரையீரலிலும் பஞ்சைப் பிய்த்துத் தூவினதுபோல இருந்தது.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், குரலை உயர்த்தவே தெரியாதவர். "பாருங்க கலியமூர்த்தி. தோல் மேல போட்ட மாதிரியே உள்ள நுரையீரல்லயும் போட்டிருக்குதுங்க."

"உள்ளயுமாங்க?"

"ஆமாங்க. அங்க வேப்பெல தடவ முடியாதுங்களே. அதுக்குத்தானுங்க நாங்க."

அம்மைக் கிருமிக்கென்று மருந்து எங்கள் கையில் அப்போது இல்லை. ஆக்சிஜன் வைத்தோம். வேறு கிருமி சேராமல் இருக்க ஆன்டிபயாட்டிக் ஊசி. கலியமூர்த்தி அந்த முதல் ஊசிக்குத் தலையாட்டியபோது கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலைதான் நான் முதலில் சொன்ன அந்தக் காலை. அஞ்சலையின் முகம் அவளுடையதாக இல்லை. கழுத்து தோளோடு ஒன்றாகி, கன்னம் உப்பி, கண் இரண்டும் கீறலாகியிருந்தன. பேசினால் மூக்கடைத்த குரல், யாரோ தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

வாசற்படியிலிருந்து கலியமூர்த்தி, "ஊசியாலதாங்க. எங்கம்மா அப்பவே சொல்லிச்சு. ஆத்தாளுக்குக் கோவம் வந்துச்சுங்க" என்றார்.

சிஸ்டர் ஞானம்மாளுக்கும் ஊசி மேல்தான் சந்தேகம், வேறு விதமாக. "டாக்டர், மருந்து ஒத்துக்கலியோன்னு நெனைக்கேன்" என்றார். திருநெல்வேலிப் பக்கம். கருத்து, உயரமாக, வெள்ளை உடுப்பில் ஒரு மடிப்புக் கலையாமல் இருப்பார்.

டாக்டர் கட்டில் பக்கம் வந்தார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயாளியைத் தொடும் முன் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தையும் தன் முழங்கையில் கொஞ்ச நேரம் அழுத்தி வைப்பார். அன்றும் அவசரப்படவில்லை. தேய்த்தார், விரல் நுனிகளைக் காறையெலும்புக்கு மேலே வைத்து மெல்ல அழுத்தினார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார்.

தோலுக்கடியில் நொறுங்கியது. காய்ந்த வேப்பஞ் சருகின் மேல் கை ஊன்றினால் எப்படி இருக்கும், அப்படி. சத்தம் காதுக்குக் கேட்டதா விரலுக்குக் கேட்டதா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நீர் இல்லீங்க, காத்து" என்றார் டாக்டர். இருமி இருமி, நோய் தின்ற நுரையீரலில் எங்கோ ஒரு மெல்லிய இடம் விட்டிருக்கிறது. அதன் வழியே போன காற்று நெஞ்சின் நடுவே, இதயத்தைச் சுற்றித் தேங்கி, அங்கிருந்து கழுத்துக்கு ஏறித் தோலுக்கடியில் பரவிவிட்டது. இதை அவர் எங்களுக்குச் சொன்னதைவிடக் கலியமூர்த்திக்குச் சொன்ன விதம் சுருக்கம்: "சைக்கிள் ட்யூப்புல சின்ன ஓட்டைங்க. காத்து டயருக்குள்ள எறங்கியிருக்குது. ஊசி குத்தினதால இல்ல. ஆத்தாளுக்கும் யார் மேலயும் கோவமில்ல."

"ஒட்டு போட முடியுங்களா?"

"தானா ஒட்டணும். நாம அத ஆட்டாம இருக்கணும்."

ஆட்டாமல் இருப்பது என்றால் என்ன என்பதை அப்புறம் சொன்னார். இருமலுக்கு மருந்து கொடுத்து அடக்குவது. எழுந்து உட்காராமல், எதையும் தூக்காமல் இருப்பது. உரக்கப் பேசக் கூடாது. கட்டில் பக்கம் குனிந்து, "அம்மணி, இன்னொன்னு. அழுகக் கூடாதுங்க. அழுதா நெஞ்சு குலுங்கும், ஓட்டை பெருசாகும். சிரிக்கவும் கூடாதுங்க" என்றார்.

அஞ்சலை அந்தத் தகர டப்பாக் குரலில், "சிரிக்க என்னாங்க இருக்குது" என்றாள். பிறகு, "எம் புள்ளைய ஒரே ஒரு வாட்டி பாத்துட்டா நான் அழுவவே மாட்டேங்க" என்றாள்.

குழந்தையைக் கொண்டுவர வழியில்லை. அதற்கும் நாலு முத்து போட்டு லேசாக இறங்கியிருந்தது, அதனால் அம்மை பயமில்லை. ஆனால் அந்தத் தனி வார்டில் அடுத்த அறையில் கக்குவான் இருமல், அதற்கடுத்த அறையில் தொண்டை அடைப்பான். கைக்குழந்தையை அந்த வராந்தா வழியாகத் தூக்கி வருவதற்கு டாக்டர் சம்மதிக்கவில்லை. "பாத்தா மட்டும் போதுமுன்னு இருக்காதுங்க அம்மணி, தூக்கச் சொல்லும்" என்றார். அது உண்மை.

அன்று மத்தியானமே மூச்சு இன்னும் மோசமாயிற்று. காற்று இப்போது இடது நுரையீரலுக்கும் விலாக் கூட்டுக்கும் நடுவில் நிறைந்து, நுரையீரலைச் சுருட்டிவிட்டிருந்தது. பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று டாக்டர் ட்ரங்க் கால் போட்டார். லைன் கிடைக்கும்வரை போன் பக்கத்திலேயே நின்றார். பேசி முடித்து வந்து, "அந்த ரோட்டுல வண்டி குலுங்கற குலுக்கல்ல வழியிலயே போயிரும்ங்கறாங்க. இந்த மாதிரி அவங்களும் ஒண்ணோ ரெண்டோதான் பாத்திருக்காங்களாம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நானும் முன்ன ஒண்ணு பாத்திருக்கேன். உசுரு நிக்கல" என்றார். எங்களிடம் சொன்னதா தனக்குத்தானே சொல்லிக்கொண்டதா தெரியவில்லை. சிஸ்டர் ஏற்கெனவே தட்டைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தத் தட்டை இப்போதும் கண்ணால் பார்க்க முடிகிறது. வேகவைத்த ரப்பர் குழாய், கத்தி, இடுக்கிகள், பட்டு நூல், மரத்துப்போக வைக்கும் ஊசி. ஓரத்தில், கழுவிக் கழுவி வெளுத்த ஒரு பெரிய கண்ணாடி பாட்டில். அதன் வாயில் இரண்டு ஓட்டை போட்ட ரப்பர் கார்க். ஒரு ஓட்டையில் நீளமான கண்ணாடிக் குழல், அதன் முனை பாட்டில் தண்ணீருக்குள் இரண்டு விரல் ஆழம் முங்கியிருக்க வேண்டும். மற்றதில் குட்டைக் குழல், காற்று வெளியே போக. இன்றைக்கு இதெல்லாம் பிளாஸ்டிக்கில் உறை பிரித்து வருகிறது. அன்று தண்ணீர் அளவை சிஸ்டர் விரல் வைத்துத்தான் பார்த்தார்.

டாக்டர் அக்குளுக்குக் கீழே ஒரு விலாவின் மேல் விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்தார். "அம்மணி, ஒரு எறும்பு கடிக்கும்" என்று மருந்து ஏற்றினார். சின்னதாகக் கீறி, இடுக்கியை உள்ளே விட்டு விரித்தபோது, டயரில் காற்றைப் பிடுங்கினதுபோல் 'உஸ்' என்று வந்தது. குழாயை நுழைத்து, நூலால் தோலோடு கட்டி, மறு முனையை என்னிடம் நீட்டினார். நான் அதைப் பாட்டிலின் நீளக் குழலில் மாட்டினேன். தண்ணீர் ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு குடுகுடுவென்று குமிழிகள். அஞ்சலை உள்ளே அடைத்துக்கொண்டிருந்த காற்றெல்லாம் அந்தப் பாட்டிலில் கொதித்தது. அவள் உதட்டு நீலம் எங்கள் கண் முன்னால் வடிந்தது.

பாட்டிலைக் கட்டிலுக்கடியில் தரையில் வைத்தோம். டாக்டர் வெள்ளைக் கோட்டோடு அதன் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். யார் யாரோ வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. "பாட்டில் எப்பவும் நெஞ்சுக்குக் கீழதான் இருக்கோணும். மேல போச்சுன்னா தண்ணி நெஞ்சுக்குள்ள போயிரும். பாட்டிலத் தொடறதுக்கு முந்தி ட்யூப்ப மடக்கோணும். இந்த ரெண்டத் தவிர வேற எத மறந்தாலும் நான் பாத்துக்கறேன்" என்றார்.

அடுத்த நாள் வேறொரு வலி சேர்ந்தது. குடிக்க ஆளில்லாமல் பால் கட்டி, மார் கல்லாகி, காய்ச்சல் ஏறியது. நான் திரைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். சிஸ்டர் பேசுவது கேட்டது.

"ஏ பிள்ள, மல்லிகப் பூவக் கசக்கி வச்சிக் கட்டுனா பால் வத்திரும். எங்கூர்ல அதான் வழக்கம். நாளைக்கு வாங்கிட்டு வரச் சொல்லுதேன்."

"பூ வேணாங்க்கா."

"காய்ச்சல் அடிக்கில்லா?"

"அடிக்கட்டும். பாலு வத்திச்சின்னா அது எதுக்கு எங்கிட்ட வரும்? இதுதாங்க்கா அதுக்கும் எனக்கும் இருக்குது."

பிறகு சிஸ்டர், "வெந்நி கொண்டாங்க தம்பி" என்றார். அன்றிலிருந்து வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி, அவள் நெஞ்சு அலுங்காமல் தன் கையாலேயே பாலைப் பீய்ச்சி எடுத்தார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. எடுத்த பாலைக் குழந்தைக்குக் கொடுத்தனுப்பலாமா என்று அஞ்சலை கேட்டாள். இத்தனை மருந்து ஓடும் உடம்பின் பால் வேண்டாம் என்றார் டாக்டர். சிஸ்டர் அதை வெளியே போய், வராந்தா முனையிலிருந்த செம்பருத்திச் செடிக்கு ஊற்றுவார். கழுவு தொட்டியில் ஊற்ற அவருக்கு மனசு வரவில்லை.

குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் எதிர் குவார்ட்டர்ஸ் சரோஜா அம்மாள். மதுரைப் பக்கத்துக் குடும்பம், அவருக்கும் கையில் ஒரு பையன். தேன்மொழி பசும்பாலைத் துப்பிவிட்டு அலறியபோது, அவர் யாரையும் கேட்கவில்லை, தூக்கி மாரில் போட்டுக்கொண்டார். எங்கள் ஊர்களில் அவர் சாதிக்காரர்கள் அஞ்சலையும் நானும் பிறந்த ஜனங்களுக்குத் தண்ணீர்கூடத் தொடாமல் மேலிருந்துதான் ஊற்றுவார்கள். குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்தது துணி காயப்போடும் கம்பி மட்டும்தான்.

கலியமூர்த்தி ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து, பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொல்லும் முன்பே கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவரைப் பார்த்து அஞ்சலைக்கு உதடு துடிக்கும். டாக்டர் இரண்டு நாள் பார்த்தார். "இவர் சேதி சொன்னா வேலைக்காகாது. தம்பி, நீங்க டூட்டிக்கு வர்றப்ப சைக்கிள்ல அந்த வீட்டுப் பக்கம் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. பொய் சொல்லாதீங்க, கண்டுபிடிச்சிருவாங்க. அழுகற மாதிரியும் வேண்டாம், சிரிக்கற மாதிரியும் வேண்டாம்" என்றார்.

அப்படி ஒரு குரலை நான் எங்கே தேடுவது? யோசித்து, ரேடியோவில் செய்தி வாசிப்பவரின் குரலை எடுத்துக்கொண்டேன். கட்டில் கால்மாட்டில் விறைப்பாக நின்று சொல்வேன்: "தேன்மொழி இன்று காலை சரோஜா அம்மாளின் செருப்பைக் கடித்தாள். செருப்புக்கு மட்டுமே சேதம். சரோஜா அம்மாளின் மகனுடைய கிலுகிலுப்பையைப் பறித்துக்கொண்டாள். பேச்சுவார்த்தை நடைபெறுகிறது."

அஞ்சலை உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொள்வாள். பாட்டிலில் நாலு குமிழி கூடுதலாக வரும். சிஸ்டர் பின்னாலிருந்து, "ஏலே, போதும்ல, குமிழி வருது பாரு" என்பார். அவர் தோளும் குலுங்கும்.

நான் அந்த வீட்டு வாசலுக்குப் போய் நின்று ஒரு குழந்தையைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். அது என்ன செய்கிறது என்பதைத் தவிர எனக்கு அந்த நேரத்தில் வேறு வேலை கிடையாது. பிறகு எனக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரு பிள்ளையையும் அப்படிப் பார்த்ததில்லை.

பாட்டில் விஷயத்தில் ஒரு மத்தியானம் பயந்தே போனோம். நெஞ்சிலிருந்து நீரும் கொஞ்சம் வடிந்து, பாட்டில் தண்ணீர் மஞ்சளாகியிருந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்த கலியமூர்த்தி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நானும் சிஸ்டரும் மூலையில் ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தோம். அவர் அந்தப் பாட்டிலைப் பார்த்தார். அம்மை கண்ட பெண்ணின் காலடியில், தரையில், மஞ்சள் தண்ணீர். அதில் அவள் மூச்சு. அவர் வீட்டில் ஆத்தா இறங்கியிருக்கும்போது மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வைத்த செம்பை வெறும் தரையில் வைக்க மாட்டார்கள், நடக்கும் இடத்தில் வைக்கவே மாட்டார்கள். அவர் குனிந்து, இரண்டு கையாலும் பயபக்தியோடு பாட்டிலைத் தூக்கி, அவள் தலைமாட்டு அலமாரி மேல் வைத்து, கையெடுத்துக் கும்பிட்டார்.

அஞ்சலைதான் முதலில், "அண்ணா, உள்ள குளுகுளுங்குது" என்றாள்.

திரும்பினோம். ரப்பர் குழாயில் மஞ்சள் தண்ணீர் அவள் நெஞ்சை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் எப்படிக் கட்டிலைச் சுற்றி வந்தார் என்று நான் பார்க்கவில்லை. விலா ஓரத்திலேயே குழாயை மடக்கி முஷ்டியில் இறுக்கிவிட்டார். "பாட்டில எடுல!" என்றார். எடுத்துத் தரையில் வைத்தேன். அவர் விரல்களைத் தளர்த்தினார். தண்ணீர் திரும்பி ஓடி வந்தது. அஞ்சலை இருமலை அடக்கிக் கண்ணில் நீர் வழியக் கிடந்தாள்.

சிஸ்டர் கலியமூர்த்தியை நோக்கித் திரும்பினார். "ஆளக் கொல்லப் பாத்தீரே ஐயா!" கலியமூர்த்தி கும்பிட்ட கையை இறக்கவேயில்லை. என்ன செய்தோம் என்று அவருக்குப் புரியவில்லை. பெரிதாக ஏதோ செய்துவிட்டோம் என்று மட்டும் புரிந்தது.

டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். அதிகம் போகவில்லை. பிறகு கலியமூர்த்தி பக்கம் திரும்பி, "எதுக்குங்க மேல வெச்சீங்க?" என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவர்போல் கேட்டார். அவர் திக்கித் திக்கிச் சொன்னார்.

"செரிதான். எங்கூட்லயும் தரையில வெக்க மாட்டாங்க" என்றார் டாக்டர். "சொரங்கத்துல மழத்தண்ணி எந்தப் பக்கமுங்க ஓடும்?"

"பள்ளத்துக்குங்க."

"நீங்க தூக்கி வெச்சதும் இவங்க நெஞ்சு பள்ளமாயிருச்சுங்க."

கலியமூர்த்தி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். தரையில் வைக்கவும் கூடாது, நெஞ்சுக்கு மேலே போகவும் கூடாது. இரண்டுக்கும் வழி டாக்டரே சொன்னார். தச்சுக் கொட்டகையிலிருந்து மரக்கட்டைகள் வந்தன. கட்டிலின் நாலு காலையும் ஒவ்வொன்றாக, அவளை அலுங்காமல் தூக்கி அடியில் கொடுத்தோம். கட்டில் இடுப்பு உயரத்துக்கு ஏறியது. கலியமூர்த்தி தன் வீட்டிலிருந்து, கல்யாணத்தன்று அவர்கள் இருவரும் உட்கார்ந்த மணைப்பலகையைத் துடைத்துக் கொண்டுவந்தார். அதன் மேல் பாட்டில், சுற்றிலும் வேப்பிலைக் கொத்து. யாரும் அதன் பக்கம் செருப்புக் காலோடு போகவில்லை, யாரும் அதைத் தொடவுமில்லை. எந்த போர்டு எழுதி மாட்டியிருந்தாலும் அவ்வளவு காவல் கிடைத்திருக்காது. ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் ஒருவர் வேப்பிலையைப் பார்த்துப் புருவம் தூக்கினார். "இலைங்க சார், அது பாட்டுக்கு இருக்குது" என்றார் எங்கள் டாக்டர்.

வீக்கம் மெல்ல வடிந்தது. முதலில் கண் திறந்தது, பிறகு கன்னம், பிறகு குரல் டப்பாவிலிருந்து வெளியே வந்தது. பால் பீய்ச்சுவது நிற்கவில்லை. அளவு குறைந்துகொண்டே வந்தது, ஆனால் வந்தது. சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தை அவளிடம் காட்டிவிட்டுத்தான் வெளியே போவார்.

அந்த நாட்களில் ஒரு காலை நான் சரோஜா அம்மாள் வீட்டு வாசலில் நின்றேன். அவர் கொடியிலிருந்து துணி எடுக்கத் திரும்பினார். தரையிலிருந்த தேன்மொழி அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி, "ம்மா" என்றாள். சரோஜா அம்மாள் என்னைப் பார்த்தார். "தம்பி, இத அங்க சொல்லாதீகய்யா" என்றார்.

பொய் சொல்லாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொல்லாமல் விடுவது பொய்யா என்று அவரையே கேட்டேன். அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, "மொதல் பேச்சுங்க. அது அவங்களோடது. நாம வெச்சுக்க முடியாது" என்றார்.

கட்டில் கால்மாட்டில் நின்றேன். ரேடியோக் குரல் அன்று வரவில்லை. "தேன்மொழி இன்னிக்கி அம்மான்னு சொன்னாம்மா" என்றேன்.

அஞ்சலையின் முகம் விரிந்தது. "யாரப் பாத்துண்ணா?"

"சரோஜாம்மாவ."

அவள் அழவில்லை. முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஆனால் கண்ணாடிக் குழலில் தண்ணீர் ஏறி ஏறி இறங்கியது, குழலின் பாதிவரை ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. பாட்டில் முழுக்க அலை. மணைப்பலகையிலிருந்த வேப்பிலைகூட ஆடினதுபோல இருந்தது. சிஸ்டர் ஓடி வந்து முகத்தைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் நின்றார். அது அடங்க வெகு நேரமாயிற்று.

பிறகு ஒரு நாள் குமிழி நின்றது. இருமச் சொன்னாலும் வரவில்லை. குழாயை மடக்கி வைத்து, எக்ஸ்ரே எடுத்து, நுரையீரல் விலாவரை விரிந்திருப்பதைப் பார்த்தபின் டாக்டர், "மூச்ச இழுத்துப் புடிச்சுக்குங்க அம்மணி" என்று ஒரே இழுப்பில் உருவினார். அன்று சாயங்காலம் அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்தது. "சத்தமில்லாம ஒரு மாதிரியா கீதுண்ணா" என்றாள் அஞ்சலை. எனக்கும்தான். இன்றைக்கும் மீன்தொட்டி வைத்திருக்கும் வீடு எதற்காவது போனால், அந்தக் குமிழிச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். டாக்டர் ஓய்வு பெற்றுப் பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டார், கடிதங்கள் ஒரு கட்டத்தில் நின்றன. சிஸ்டர் ஞானம்மாள் ஊர்க் கல்லறையில் இருக்கிறார். அந்த வராந்தா இப்போது இல்லை, செம்பருத்தியும் இல்லை. உள்ளங்கைகளைத் தேய்க்கும் அந்தச் சத்தம், "ஏலே" என்று பின்னாலிருந்து ஒரு குரல், குமிழி. இவை மூன்றும் ஒன்றாகக் கேட்ட அறைக்கு ஒரே ஒரு தடவை திரும்பப் போய் நின்றுவிட்டு வர வேண்டும்போல இருக்கிறது. அன்று அது வெறும் டூட்டி என்றுதான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போகும் நாள், சிஸ்டர் தன் கையால் அஞ்சலைக்குத் தலைக்கு வேப்பிலைத் தண்ணீர் ஊற்றிவிட்டார். வந்த நாளிலிருந்து கலியமூர்த்திக்கு ஒரு பயம் இருந்தது. என்னைத் தனியாகப் பார்க்கும்போதெல்லாம், "எவ்வளவு ஆவுங்க?" என்று கேட்பார். பர்மனென்ட் ஆட்களுக்கும் குடும்பத்துக்கும் காசு கிடையாது என்று எத்தனை தடவை சொல்லியும் நம்பவில்லை. அன்று ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றார். "ஒண்ணுமில்ல, போங்க" என்றார் கிளார்க். "இத்தினி நாளுக்குமாங்க?" என்று மறுபடியும் கேட்டுவிட்டு வந்தார்.

வாசலில் வேப்ப மரத்தடியில் சரோஜா அம்மாள் தேன்மொழியோடு நின்றிருந்தார். அஞ்சலை எங்களையெல்லாம் மறந்து நடந்தாள். கையை நீட்டினாள். குழந்தை அவளை உற்றுப் பார்த்தது. அம்மைத் தழும்பும் இளைப்புமாக இருந்த அந்த முகத்தைப் பார்த்தது. பிறகு சரோஜா அம்மாளின் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "வெயிலு, தூக்கக் கலக்கம் புள்ளைக்கு" என்றார் சரோஜா அம்மாள். அவருக்குத்தான் அப்போது கண் கலங்கியிருந்தது.

புண்ணுக்குக் கட்டு மாற்ற நான் சில நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். காயம் அழகாக மூடிக்கொண்டு வந்தது. அழலாம், சிரிக்கலாம், இருமலாம், எல்லாம் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். கடைசி நாள் கட்டைப் பிரித்துவிட்டு, "இனி நான் வரத் தேவையில்லம்மா" என்று எழுந்தேன். தேன்மொழி எதிர் வீட்டு வாசலில் அந்தப் பையனோடு கிலுகிலுப்பைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பசிக்கு அவள் அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள். அஞ்சலை எத்தனை விதமாக மடியில் போட்டுப் பார்த்தும், வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பால் இருந்தது. பிள்ளை மறந்துவிட்டிருந்தது.

அஞ்சலை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஷிஃப்டுக்குக் கிளம்பி நின்ற கலியமூர்த்தியிடம் சொன்னாள்.

"வரப்ப மார்க்கெட்டாண்ட மல்லி வாங்கியாங்க."

அவர் முகம் மலர்ந்தது. ஆத்தா இறங்கிய நாளிலிருந்து அவள் பூ வைத்துக்கொள்ளவில்லை. "எம்மாம் வேணும்?" என்றார்.

"தலைக்கில்ல" என்றாள் அஞ்சலை. "ரெண்டு மொழம் போதும்."